தாகமெடுத்த சுவர்

பல் டாக்டரம்மா வீட்டு முன்சுவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்குத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. முதலில் வாசலில் இருந்த வாளி காலியானது. பிறகு எதிர்வீட்டுக் கொடியில் பிழியாமல் போட்ட போர்வை ஒரே நிமிஷத்தில் காய்ந்தது. வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாய் கொப்பளிக்க வாங்கிய தண்ணீர், டம்ளர் உதட்டுக்குப் போவதற்குள் இல்லாமல் போனது. துணி துவைப்பவர்களுக்கு இதில் சௌகரியம்தான் என்பதால் தெருவில் யாரும் முறையிடவில்லை.

காரணம் தெரிந்தவர் அந்தச் சுவரைக் கட்டிய கொத்தனார் ஒருவர்தான். பூசாத செங்கல் சுவர் அது. கட்டும்போது தெறித்த சிமெண்ட் கலவை கல்லெல்லாம் அப்பிக் காய்ந்து கிடந்தது. அதை எடுக்க, கட்டிகளை மரச்சில்லால் சுரண்டிவிட்டு, கல் போதும் என்று வழியவிடும்வரை தண்ணீர் அடிக்க வேண்டும். அப்புறம்தான், கையுறையும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, நிறையத் தண்ணீரில் கொஞ்சமாய் ஊற்றிக் கலந்த ஆசிட்டைத் தேய்க்க வேண்டும். வயிறு நிறைந்த கல் ஆசிட்டை உள்ளே இழுக்காது. இருபத்தாறு வருஷமாக இதை ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவர், அந்தச் செவ்வாய்க்கிழமை தண்ணீர் மோட்டார் ஓடவில்லை, மத்தியானம் வேறு வேலை இருக்கிறது என்று, காய்ந்த சுவரிலேயே தேய்த்துவிட்டார். சுவர் ஆசையாய் உறிஞ்சியது. அரை மணி நேரத்தில் சிவப்புக் கல் தேமல் விழுந்த முகம்போல் வெளுத்தது.

"யார் செஞ்ச வேலை இது?" என்றார் டாக்டரம்மா.

"என் மச்சினன்தாங்க. நனைக்காம ஊத்திட்டான்" என்றார் கொத்தனார்.

அவரோடு வேலைக்கு வந்து, பிரஷ் வாங்கக் கடைக்குப் போயிருந்த மச்சினன் அப்போதுதான் திரும்பி வந்து நின்றான். கேட்டுவிட்டான். பிரஷைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். அன்றிலிருந்து அவனுக்கு ஆசிட்காரன் என்று பெயர். யாரும் சுவர்ப் பக்கம் கூப்பிடவில்லை.

மூன்று வருஷம் போனது. "என் தம்பி ஏங்க இந்தப் பக்கமே வரதில்ல?" என்று கொத்தனாரின் மனைவி கேட்பாள். "எனக்கென்ன தெரியும்?" என்பார். சொன்னதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். செம்பைத் தூக்கினால் செம்பு காலி. சுவர் நாலு தெரு தள்ளி இருந்தது.

"குடத்தையே கவுத்துட்டீங்க, இன்னுமா தாகம்?" என்று ஒரு நாள் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவரால் தாங்க முடியவில்லை. மறுநாள் மச்சினனைக் கையோடு கூட்டிப்போய் டாக்டரம்மா முன்னால் நிறுத்தினார். கன்னம் வீங்கிய நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நனைக்காம தேய்ச்சது நான்தாம்மா. இவன் அப்ப கடைக்குப் போயிருந்தான்." தன் செருப்பைப் பார்த்துத்தான் சொன்னார்.

"மூணு வருஷம் இதை எப்படிங்க வாய்க்குள்ளயே வெச்சிருந்தீங்க?" என்றார் டாக்டரம்மா.

மச்சினன் குழாயை இழுத்துவந்தான். "தள்ளுங்க மாமா" என்றான், அவ்வளவுதான்.

சுவர் நாலு நாள் குடித்தது. ஐந்தாம் நாள் முதல் சொட்டு கல்லின்மேல் வழிந்து மண்ணில் விழுந்தது. வெளுப்பு மட்டும் போகவில்லை.

மச்சினனுக்கு இப்போது வேலைக்குக் குறைவில்லை. அக்கா வீட்டுக்கும் வருகிறான், மாமா இல்லாத நேரமாகப் பார்த்து. சுவர் காலையில் ஒரு வாளி கேட்கும். டாக்டரம்மா நிரப்பி வாசலில் வைத்துவிடுவார். கொத்தனார் வேலைக்குப் போகிற வழியில் அதை ஊற்றிவிட்டு, நிமிராமல் போவார்.