தண்ணீரில்லாமல் கத்திய பெட்டி

ஜெப்சி தன் கையால் செய்த பெட்டி, மீன்பிடி வல்லத்தின் அடித்தட்டில் தண்ணீர் ஏறினால் மட்டுமே கத்த வேண்டும். பாம்பன் கரையில் காய்ந்து கிடந்த வல்லத்தில், ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லாமல் அது கத்திக்கொண்டிருந்தது. வலை சீர்பார்த்தவர்கள் கைவேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள்.

"ஒம் புள்ளைக்குப் பசிக்குது போல. பால ஊத்து," என்றான் அண்ணன் ஆன்டோ.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். போன மாதம் மீன்பலகைக்கு அடியில் சத்தமில்லாமல் தண்ணீர் ஏறி, இன்ஜின் மூழ்கி, காற்று இழுத்த இழுப்புக்கெல்லாம் போய், வேறொரு படகு கட்டியிழுத்துக் கரை சேர்த்த ஆள் இவன். விடிந்தால் மறுபடியும் கடலுக்குப் போகிறான். கத்தல் நிற்காவிட்டால் பெட்டியைக் கரையிலேயே போட்டுவிட்டுப் போவதாகவும் சொல்லிவிட்டான்.

தண்ணீர் தொட்டால் உணர்வதற்காகப் பெட்டியிலிருந்து அடித்தட்டில் தொங்கிய இரண்டு கம்பிகளையும் கழற்றினாள். கத்தல் நிற்கவில்லை. ஆகவே குற்றம் பெட்டிக்குள். வீட்டுக்குத் தூக்கிவந்து, டிரான்சிஸ்டரைப் பிடுங்கி எறிந்து, புதியதைப் பற்றவைத்தாள். பேட்டரியைக் கொடுத்ததும் பெட்டி மறுபடியும் கத்திற்று. பார்க்காமல் மாற்றியது தன் பிழை என்பது அவளுக்குத் தெரிந்தது. அது கோபத்தைக் கூட்டியது.

இம்முறை பார்த்தாள். போர்டைத் திருப்பி வெளிச்சத்தில் சாய்த்தபோது, கம்பிகள் வந்து சேரும் இரண்டு செம்புக் கோடுகளுக்கு நடுவே ஈரம் மினுங்கியது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். கரித்தது. கடல்நீர் புகுந்திருந்தால் பெட்டி முழுவதும் நனைந்திருக்கும். மற்ற இடமெல்லாம் காய்ந்தே இருந்தது. மூடியின் மூலையில் கரையாத கல்லுப்புப் பரல்கள் இரண்டு ஒட்டியிருந்தன. காற்றின் ஈரத்தைக் குடித்துக் கசிந்த உப்பு, இரண்டு கோடுகளையும் இணைத்து, கடல்நீர் செய்ய வேண்டிய வேலையைத் தானே செய்துவிட்டிருந்தது.

நேற்று அவளிடம் ஸ்குருடிரைவர் வாங்கிப்போனவன் ஆன்டோ.

வாசலில் சிரித்தபடி நின்றவனிடம் மூடியை நீட்டினாள். "என்னண்ணே இது?"

அவன் சிரிப்பு நின்றது. "கோயில்ல மந்திரிச்ச உப்பு. புது வலை, புது இன்ஜினு, எதுக்குப் போடாம விட்டோம்? ஒம் பொட்டிய நம்பித்தான போறேன்."

"நம்புனவன் பேசுற பேச்சா அது? அத்தன பேரு முன்னால?"



போர்டை ஸ்பிரிட்டில் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, செம்புக் கோடுகளின்மேல் ஈரம் அண்டாதபடி நகப்பூச்சு பூசினாள். கம்பிகளை மறுபடி மாட்டிக் கடல்நீர் வாளியில் விட்டாள்; கத்தியது. எடுத்தாள், அடங்கியது.

மீதி உப்புப் பொட்டலத்தை வெளியிலாவது கட்டட்டுமா என்று ஆன்டோ மெதுவாகக் கேட்டான்.

"ஓங் கழுத்துல கட்டு," என்றாள், கடைசித் திருகை இறுக்கியபடி.

விடியலில் பெட்டி வாய்மூடி வல்லத்தில் போயிற்று. பொட்டலம் அவன் கழுத்தில். வழியனுப்ப ஜெப்சி போகவில்லை.