நான்காவது ஆளுக்கு இடமில்லாத நிலக்காட்சி

லவீனியா ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தன் கணவர் ஓட்டாவியோ வரைந்து முடித்திருந்த நிலக்காட்சிக்குள் குடிபோனாள். கூடையில் மாற்றுத்துணி எடுத்துக்கொண்டாள். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போனாள். அந்த விஷயத்தில் அவளைக் குறை சொல்ல முடியாது.

வெனிஸுக்கு வடக்கே இருந்த அந்தச் சின்ன ஊரில், ஆயிரத்து எழுநூற்று நாற்பதுகளில், இதெல்லாம் சகஜம். மாமியாரோடு ஒத்துப்போகாதவர்கள், இருமல் நிற்காதவர்கள் எல்லாம் படத்துக்குள் போய்விடுவார்கள். ஓவியர் சங்கத்தின் விதிப்படி மலையும் ஆறும் வானமும் வரைவது ஓட்டாவியோ. அதில் நடமாடும் மனிதர்களை வரைவது சில்வெஸ்த்ரோ. லவீனியாவும் முறைப்படி சில்வெஸ்த்ரோவிடம் சொல்லித்தான் ஆற்றங்கரையில் இடம் வாங்கியிருந்தாள்.

படத்தை ஏற்கெனவே ஓர் ஆங்கிலேயப் பிரபு வாங்கியாயிற்று. சனிக்கிழமை கப்பல். ஓட்டாவியோ படத்துக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வீட்டுக்கு வந்துவிடும்படி கெஞ்சிப் பார்த்தார். பாவம், அப்போதும் அவர் கண் அவள் தோளுக்குப் பின்னால் இருந்த மலைச்சரிவில்தான் இருந்தது. அங்கே பச்சை கொஞ்சம் தூக்கலோ என்று ஒரு சந்தேகம்.

லவீனியா கூடையைக் கீழே வைத்தாள். "பதினெட்டு வருஷம் ஆச்சு. ஒரு நாளாவது என் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கீங்களா? மலையைப் பார்த்தீங்க. சரி, மலைப்பக்கமே வந்து நின்னா பார்ப்பீங்கன்னு வந்தேன்."

ஓட்டாவியோ அவள் இல்லாத வீட்டை நினைத்தார். முடியாது என்று பட்டது. நேரே சில்வெஸ்த்ரோ வீட்டுக்குப் போய், தன்னையும் படத்தில் சேர்த்துவிடச் சொன்னார். சில்வெஸ்த்ரோ நல்ல மனிதர்தான், ஆனால் சட்டம் பேசுவதில் கெட்டிக்காரர். பிரபு கேட்டது மூன்று பேர். தூண்டில்காரன், தொப்பிக்காரன், லவீனியா என்று கணக்கு முடிந்துவிட்டது. நான்காவது ஆளுக்குப் பிரபுவின் சம்மதக் கடிதம் வர நாற்பது நாள் ஆகும்.

"ஆனா ஆடு மாடு உங்க இலாகாதானே, அண்ணே?" என்றார் சில்வெஸ்த்ரோ.

ஓட்டாவியோ இரண்டு நாள் யோசித்தார். மாடு என்றால் மலையை மறைக்கும். வெள்ளிக்கிழமை மதியம் ஆற்றங்கரையில் தன்னை ஓர் ஆடாக வரைந்துகொண்டார். தாடி மட்டும் நன்றாக அமைந்தது. லவீனியா நகர்ந்து இடம் கொடுத்தாள். மறுநாள் படத்தைப் பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றினார்கள்.

மூன்று மாதம் கழித்துப் பிரபுவிடமிருந்து சங்கத்துக்குக் கடிதம் வந்தது. படம் பிரமாதம், ஒரே ஒரு குறை. ஆடு வைத்த கண் வாங்காமல் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது. விருந்தாளிகளுக்குச் சங்கடமாக இருக்கிறது. நிலக்காட்சி என்று வாங்கிய படத்தில் ஓர் ஆடாவது நிலத்தைப் பார்க்க வேண்டாமா? திருப்பிவிட ஆள் அனுப்பவும்.

ஆடுகளைத் திருப்புவது ஓட்டாவியோவின் வேலை என்றும், அவர் தற்சமயம் அங்கேதான் இருக்கிறார் என்றும் சங்கம் பதில் எழுதியது.

அடுத்த கடிதத்தில் பிரபு இனி யாரும் வர வேண்டாம் என்று எழுதியிருந்தார். ஆடு அசைவதாக இல்லை. அதனால் வேலைக்காரர்களை விட்டு மலையைப் பெயர்த்து ஆட்டுக்குப் பின்னால் வைத்தாயிற்று. இப்போது அந்தப் பெண்ணாவது மலையைப் பார்ப்பாள் என்று நினைத்தால், அவளும் ஆட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாளாம்.