ஜிப்பும் மாமியாரும்

முதுகில் முழங்காலை முட்டுக் கொடுத்துச் சித்தி கல்யாண கவுனின் ஜிப்பை இழுத்து மூடியபோது, பேருந்து ஓட்டுநரான கல்யாணப் பெண்ணுக்கு மூச்சு பாதியில் நின்றது.

"மகாராணி மாதிரி இருக்கே. இனிமே உட்கார மட்டும் செய்யாதே" என்று சொல்லிவிட்டுச் சித்தி விருந்தாளிகளைக் கவனிக்கப் போனார்.

அவர் போன கையோடு இவளுக்கு ஒன்றுக்கு முட்டியது. கவுனோ கூடாரம்போல விரிந்து கிடந்தது. தனியாளாகத் தூக்க முடியாது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தால், வராந்தாவில் வருங்கால மாமியார் மட்டும் நின்றிருந்தார். நிச்சயமான நாளிலிருந்தே இருவருக்கும் ஏழாம் பொருத்தம்.

"அத்தை, அவசரம்!"

மாமியார் ஓடி வந்தார். குறுகிய கழிப்பறைக்குள் அவளோடு நுழைந்து, கவுனை அள்ளித் தூக்கிப் பிடித்தார். அவர் தலையே துணிக்குள் மறைந்துபோனது.

"நான் எதையும் பார்க்கல. நீ பாட்டுக்குப் போ" என்றது துணி.

"சிரிக்க வைக்காதீங்க அத்தை, ஜிப் தெறிச்சிடும்."

"என் கல்யாணத்துல யாரையும் கூப்பிட வெட்கப்பட்டு, கடைசிவரைக்கும் அடக்கிக்கிட்டே நின்னேன். எல்லா போட்டோவுலயும் கண்ணு கலங்கியிருக்கும். பிறந்த வீட்டைப் பிரியற துக்கம்னு உன் மாமனார் இன்னிக்கும் உருகறார்."

அவள் வெடித்துச் சிரித்தாள். ஜிப்பும் வெடித்தது. மாமியார் தன் சால்வையை எடுத்து அவள் முதுகை மூடினார். அவளுக்கு மூச்சு தாராளமாக வந்தது.

அன்றைய விருந்தில் கால் வலிக்க ஆடியவர்கள் அவர்கள் இருவரும்தான்.