பதினொரு விநாடி வீண் நேரம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓர் அடிக்குறிப்பிலிருந்து திருடியது. வேறு எதையோ தேடி ஒரு நூலகத்தின் கீழ்த்தளத்துக்குப் போனபோது, கணினி வந்த புதிதில் எழுதிய ஆய்வறிக்கை ஒன்று கையில் சிக்கியது. அலுவலக வேலையை இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன ஆகும் என்று ஆராயும் அறிக்கை. இருநூறு பக்கமும் கொட்டாவி. நூற்று நாற்பதாம் பக்கத்தின் அடியில் மட்டும் பொடி எழுத்தில் ஒரு வரி: 'துளை அறையில் ஓர் ஊழியரின் ஓய்வு, ஓய்வு அல்ல என்று பின்னர் தெரியவந்தது.'

அவ்வளவுதான். யார் அந்த ஊழியர், என்ன தெரியவந்தது, ஒன்றும் இல்லை. இருநூறு பக்கம் எழுதியவருக்கு இன்னும் இரண்டு வரி எழுதக் கை வலித்ததா? எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இனி வருவதெல்லாம் என் கற்பனை.

2.

முதல் தொடக்கம்: 'அந்த இயந்திரம் பசித்த மிருகத்தைப் போல அறைக்குள்...'

வேண்டாம். இயந்திரத்தை மிருகமாக்கும் வேலையை ஊரே செய்து முடித்துவிட்டது.

இரண்டாம் தொடக்கம்: 'அவள் ஜன்னல் வழியே வானத்தை...'

அந்த அறையில் ஜன்னலே கிடையாது. தூசி பட்டால் அட்டை கெட்டுவிடும் என்று அடைத்துவிட்டார்கள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். துளை அறையில் பதினான்கு பெண்கள். சுகாதார அலுவலகத்தின் படிவங்கள் கட்டுக்கட்டாக வரும். ஒரு குழந்தைக்கு ஒரு படிவம். வயது, எடை, போட்ட தடுப்பூசி என்று வரிவரியாகக் கட்டங்கள். செவிலியர் பென்சிலால் குறித்திருப்பார். அதைப் பார்த்து இவர்கள் விசையைத் தட்டினால் கெட்டி அட்டையில் துளை விழும். அட்டைகளைக் கணினி படித்து, எந்தத் தெருவில் எந்தக் குழந்தைக்கு மருந்து பாக்கி என்று பட்டியல் போடும். சுவரில் ஒரே ஒரு விதி, கொட்டை எழுத்தில்: பார்த்ததை அடி, யோசிக்காதே.

பதினான்கு பேரில் வேகத்தில் கடைசி நம் நாயகி. அறை அவளுக்கு வைத்த பெயர் 'நிதானம்'. அவளுடைய கணவர் பேருந்து ஓட்டுநர். முதுகு பிசகி ஆறு மாதமாகப் படுக்கை. வீட்டில் அடுப்பு எரிவது இவள் விரல்களால்தான்.*

* விரலால் அடுப்பு எரியாது, தெரியும். அவசரத்தில் எழுதிய வாக்கியம். உண்மை என்பதால் விட்டுவைக்கிறேன்.

3.

ஒருநாள் நிறுத்துக் கடிகாரத்தோடு ஓர் ஆய்வாளர் வந்தாள். அறை அவளுக்கும் உடனே பெயர் வைத்தது: கடிகாரக்காரி.

முதல் வரைவில் அவளை வில்லியாக்கினேன். மெல்லிய உதடு, டக் டக்கென்ற செருப்பு, எல்லாம் கொடுத்தேன். இரண்டு பக்கத்துக்கு மேல் அவள் ஒத்துழைக்கவில்லை. நாள் முழுக்க விசை தட்டி யாருடைய மணிக்கட்டும் வீங்கக் கூடாது, அந்த வேலையை இயந்திரம் செய்யட்டும் என்று மனதார நம்புகிறவள். அதில் என்ன தப்பு? செருப்பை மாற்றிவிட்டேன்.

மூன்று வாரம் ஒவ்வொருத்தி பின்னாலும் நின்று அளந்தாள். அட்டவணையில் இரண்டு பத்தி: தட்டும் நேரம், வீண் நேரம். சில படிவங்களில் நிதானத்தின் கை அந்தரத்தில் நின்றுவிடும். பதினொரு விநாடி. அதை வீண் நேரப் பத்தியில் எழுதினாள்.

பென்சில் குறிகளைத் தானே படித்துத் துளைபோடும் இயந்திரம் இரண்டு மாதத்தில் வருவதாக இருந்தது. வந்ததும் முதலில் வீட்டுக்குப் போகும் ஐந்து பேரின் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள், வீண் நேர வரிசைப்படி. முதல் பெயர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

4.

"மூணு வாரம்தானே அக்கா? கொஞ்சம் வேகமா அடிச்சிருக்கக் கூடாதா?" என்று பக்கத்து இருக்கைக்காரி ஆற்றாமையோடு கேட்டாள். நிதானம் அடுத்த படிவத்தை எடுத்தாள். உண்மையான பதில் குற்றமாக இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு மருத்துவமனையின் செவிலியருக்குப் பார்வை மங்கல். பக்கத்தின் பாதிக்கு மேல் அவர் குறி ஒரு வரி கீழே நழுவிவிடும். நான்கு மாதக் குழந்தைக்கு மூன்றாம் தவணை ஊசியும் முடிந்ததாகப் படிவம் சொல்லும். மூன்றாம் தவணையோ ஆறாவது மாதம்தான் போடுவார்கள். பார்த்ததை அப்படியே அடித்தால் அந்தக் குழந்தைக்கு மருந்து போகாது. நிதானம் நிறுத்துவாள், வயதையும் எடையையும் ஒப்பிடுவாள், சரியானதை அடிப்பாள். ஆறு வருடமாகச் சுவரில் இருந்த விதியை மீறிக்கொண்டிருந்தாள். சொன்னால் விதி மீறியதற்காக வேலை போகும். சொல்லாவிட்டால் மந்தமானவள் என்று போகும்.

[இந்த இடத்தில் ஒரு முடிவு எழுதினேன். அவள் வாய் திறக்காமல் பையை எடுத்துக்கொண்டு மழையில் நடந்து போகிறாள். படித்த நண்பர் கண் கலங்கி, இதுதான் இலக்கியம் என்றார். கிழித்துப் போட்டேன். முகம் தெரியாத குழந்தைகளுக்காக ஆறு வருடம் விதியை மீறியவள் மழையில் நனைந்துகொண்டு போவாளா?]

5.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ஆறு வருஷமா எங்கிட்டகூட சொல்லலையே?"

"உங்ககிட்ட சொன்னா பஸ் முழுக்கத் தெரியும்."

அவர் சிரிக்கப் போய் முதுகைப் பிடித்துக்கொண்டார். "எப்படியும் அனுப்பத்தான் போறாங்க. வாய மூடிக்கிட்டு எதுக்குப் போகணும்? சொல்லிட்டே போ" என்றார்.

6.

காலையில் மேற்பார்வையாளர் அறையில் கடிகாரக்காரியும் இருந்தாள். நிதானம் சொல்லி முடித்ததும் மேற்பார்வையாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"படிவத்தையா மாத்துனீங்க?"

"படிவத்துல இருக்கிற குறியில கை வைக்கல சார். அடிக்கும்போதுதான் மாத்துனேன். மாத்துன ஒவ்வொண்ணுலயும் மூலையில பென்சில்ல ஒரு புள்ளி வச்சிருக்கேன். கிடங்குல இருக்கு. எடுத்துப் பாருங்க."

கடிகாரக்காரியின் முகம் வெளுத்தது. இது நிஜமானால் அவளுடைய அட்டவணை பொய். அவள் பேசாமல் இருந்திருக்கலாம். (இருந்துவிடுவாளோ என்று எனக்கே பயம்.) அவள் கிடங்கின் சாவியைக் கேட்டாள்.

ஒன்பது நாள் தும்மிக்கொண்டே தேடி, ஒரு வருடத்துப் புள்ளிப் படிவங்களை எடுத்தாள்: நானூற்றுப் பன்னிரண்டு. அவற்றைச் சுமந்துபோய் மருத்துவமனைப் பதிவேட்டோடு ஒப்பிட்டாள். திரும்பி வந்து நிதானத்தின் மேசை முன்னால் நின்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: நானூற்றெட்டு சரி.

அறை ஆரவாரித்தது. நிதானம் மட்டும் சிரிக்கவில்லை.

"அந்த நாலு எது?" என்று கேட்டாள்.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இந்தக் கதையை எழுதினேன். மற்றதெல்லாம் இதற்குப் போட்ட பந்தல்.

7.

பலகையிலிருந்த பட்டியலைக் கடிகாரக்காரியே கிழித்தாள். அப்புறம் பதினான்கு பேரிடமும் ஒரே கேள்வி கேட்டாள்: எங்கே நிறுத்துவீர்கள், ஏன்? பூனைக்குட்டி வெளியே வந்தது. ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி, அத்தனை பேரும் அதே விதியை மீறிக்கொண்டிருந்தார்கள். அறையிலேயே வேகமானவள்கூட இரண்டு விநாடி திருடியிருந்தாள். அறுபத்து மூன்று நிறுத்தங்கள் தேறின. அந்த இடங்களில் தானும் நிற்கும்படி அவற்றை இயந்திரத்துக்குள் ஏற்றினார்கள். சுவரில் இருந்த விதியை மேற்பார்வையாளரே முக்காலி போட்டு ஏறிக் கழற்றினார்.

வெள்ளோட்ட நாள். பெரிய அதிகாரிகள் வரிசையாக நிற்க, இயந்திரம் படிவங்களைச் சரசரவென்று விழுங்கியது. முப்பத்தேழாவது படிவத்தில் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. யார் முகத்திலும் ஈயாடவில்லை.

"என்ன, கெட்டுப்போச்சா?" என்றார் அதிகாரி.

நிதானம் முன்னால் வந்தாள். "இல்ல சார். என்னைக் கூப்பிடுது."

படிவத்தை எடுத்துப் பார்த்தாள். கை அந்தரத்தில் நின்றது. அத்தனை பெரிய மனிதர்களும் மூச்சுக் காட்டாமல் காத்திருந்தார்கள். கடிகாரக்காரியின் கடிகாரம் பைக்குள் இருந்தது. எனக்கு இந்த இடத்தில் எழுந்து நின்று கைதட்ட வேண்டும் போலிருக்கிறது. தட்டினேன். பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ.

8.

அப்புறம்? பதினான்கு பேரும் கடைசிவரை இருந்தார்களா? அடுத்து வந்த இயந்திரம் யாரையும் கூப்பிடாத இயந்திரமா? இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். நான் இதைத் தட்டிக்கொண்டிருக்கும் கணினி, அடுத்த வாக்கியத்தைத் தானே மங்கலாக எழுதிக் காட்டுகிறது: 'அவள் மெல்லப் புன்னகைத்தாள்.' மூன்று தடவை அழித்துவிட்டேன். அவள் புன்னகைக்கவில்லை, வேலையில் இருக்கிறாள்.

ஆகவே முடிவை நான் எழுதப் போவதில்லை. படிவம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது. பதினொரு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் அளக்கவில்லை. நான் எங்காவது ஒரு வரி தள்ளிக் குறித்திருந்தால் சரியானதை அடியுங்கள்.

மாற்றினால் மட்டும், மூலையில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.