இருட்டில் எடுத்த குறிப்பு

என் மகள் தானாக வந்து, "நாளைக்கு விழாவுக்கு நானும் வரேன்ப்பா" என்றபோதே எனக்குப் பொறி தட்டியது. பதினேழு வயதுப் பெண், சனிக்கிழமை மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு அப்பனோடு திரைப்பட விழாவுக்கு வருகிறாள் என்றால் சும்மாவா? இரண்டு மாதமாக அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கேட்டதற்கு ஒரு 'ம்', கேட்காததற்கு அதுவும் இல்லை. யாரோ ஒரு பையன் இருக்கிறான். அவனிடம் என் பெண்ணைப் பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நான் பத்திரிகைக்குத் திரை விமர்சனம் எழுதுகிறவன். அரங்கில் குனியாமல், இருட்டிலேயே குறிப்பு எழுதுவது என் பழக்கம். வரி மேல் வரி ஏறிக் கிடக்கும். மறுநாள் எனக்கே புரியாது. என் மகளுக்கு மட்டும்தான் புரியும். பத்து வயதிலிருந்து அவள்தான் அதைப் படித்துக் கணினியில் அடித்துத் தருகிறாள்.

படம் பள்ளிக்கூடக் காதல், பள்ளிக்கூடச் சண்டை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவனுக்குக் காதோரம் நரை எட்டிப் பார்த்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு மழை. மழை வந்தால் யாராவது ஓடியாக வேண்டும். பரீட்சையைப் பற்றி ஒருத்தருக்கும் கவலை இல்லை. இந்த இயக்குநரின் முதல் படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடியவன் நான். அந்தக் கடுப்பு வேறு.

ஆனால் என் கவனமெல்லாம் பக்கத்து இருக்கையில். அவள் மூன்று முறை பின்னால் திரும்பினாள். நானும் திரும்பினேன். நாலு வரிசை தள்ளி ஒரு தொப்பிக்காரப் பையன் பாப்கார்ன் தின்றுகொண்டிருந்தான். சிக்கினான் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில், முட்டிக்கொண்டு நின்ற இரண்டு தோழிகள் மாடிப்படியில் கட்டிப்பிடித்துச் சமாதானமாகிற காட்சி. படத்திலேயே படுமட்டம் அதுதான். அரங்கில் பாதிப் பேர் சிரித்தார்கள். என் மகள் அழுதாள். இந்தக் குப்பைக்கு யாராவது அழுவார்களா? விஷயம் வேறு என்று முடிவே கட்டிவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குள் விமர்சனம் போயாக வேண்டும். வழக்கம்போல நோட்டை அவளிடம் நீட்டிவிட்டுச் சவரம் செய்யப் போனேன். பாதி முகத்தில் நுரையோடு நின்றபோது, சாப்பாட்டு மேசையிலிருந்து அவள் சத்தமாகப் படிப்பது கேட்டது.

"பின்னால் பார்த்தாள். தொப்பி. வயது இருபது இருக்கும். மறுபடி பார்த்தாள். அழுகிறாள். ஏன்? அவன் எழுந்து போகிறான், இவள் பார்க்கவில்லை. நடிப்பு?"

ஏழு வருடப் பழக்கம், கை தானாக நோட்டை நீட்டிவிட்டது. நுரையோடு ஓடினேன்.

"யாருப்பா இந்தத் தொப்பி?"

"அதைத்தான் நானும் கேக்கறேன்." அந்த நிலையிலும் நான் விடவில்லை.

"எனக்குத் தெரியாது. அவனுக்கு ரெண்டு சீட் தள்ளி அவ உக்காந்திருந்தா." அவள் என்றால் இவளுடைய ஒரே தோழி, ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு திரிந்தவள். "அவ வருவான்னு தெரிஞ்சுதான் உங்ககூட வந்தேன். படம் முடிஞ்சதும் போய்ப் பேசலாம்னு பாத்தேன். உங்களைப் பாத்ததும் அந்தப் பக்க வாசல் வழியா போயிட்டா."

"என்னைப் பாத்தா அவ ஏன் போகணும்?"

"ரெண்டு மாசம் முன்னாடி, நான் அங்கதான் படிக்கிறேனான்னு அவங்க வீட்டுக்கு ஒரே நாள்ல நாலு தடவை போன் பண்ணினீங்க. நாலாவது தடவை, அவ அண்ணன் எங்க இருக்கான்னு கேட்டீங்க. அவங்கம்மா என்னை இனிமே வீட்டுப் பக்கமே வர வேண்டாம்னுட்டாங்க. அவளும் பேச்சை நிறுத்திட்டா."

கேட்டேன்தான். சாமர்த்தியமாகக் கேட்டுவிட்டதாக அன்று எனக்கு நினைப்பு.

"படத்துல ரெண்டே நிமிஷத்துல சேந்துட்டாங்க. அதெல்லாம் பொய்னு எனக்கும் தெரியும்ப்பா. ஆனா அழுகை வந்துருச்சு."

பாதி நுரை கழுத்தில் வழிந்தது. அவள் நோட்டை மூடிவிட்டுக் கணினியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"மணி ஒன்பதரை. இதுல படத்தைப் பத்தி ஒரு வரிகூட இல்ல. நீங்க சொல்லச் சொல்ல அடிக்கறேன், சொல்லுங்க."

"மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் விரல்கள் விசைகளின் மேல் அப்படியே நின்றன. என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"இதையும் அடிக்கணுமா?"