புதன்கிழமைத் தாள்

...காலியாக இருக்க வேண்டிய கூடுதானே இது, ஆறு நாளுக்கு ஆறு பொட்டலம், கடைசியை நேற்றுத்தான் கரைத்துக் குடித்தாள், பிறகு எப்படி... முஸ்பிறா மடியில் இருந்த மூக்குக்கண்ணாடிக் கூட்டைப் பட்டென்று மூடினாள், மூடிய கையாலேயே திரும்பவும் திறந்தாள். இருந்தது. துடைக்கிற துணிக்கு அடியில், ஓரத்தோடு ஒட்டிக்கொண்டு, நாலாக மடித்த கலண்டர்த் தாள். மேலே தெரிந்த எழுத்து புதன். பக்கத்துச் சீற்றில் கூட வேலை செய்கிற நிறோசா தன் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கையை நீட்டியபடி இருந்தாள், "துணியத் தாங்க மிஸ், ஒரே தூசி." துணியைக் கொடுத்துவிட்டுக் கூட்டைப் பைக்குள் தள்ளினாள், களவெடுத்த பொருளை ஒளிக்கிற மாதிரி. ஏன் ஒளிக்க வேண்டும்? யார் கேட்டார்கள்? கண்டியில் பயிற்சி முடிந்து திரும்புகிற பஸ் மகாஓயாவைத் தாண்டியிருந்தது, இன்னும் இரண்டு மணித்தியாலம், பிறகு சாய்ந்தமருது, வீடு, ஹாதிக்... ஏழு மாதத்துப் பிள்ளை, ஒரு வாரமாய்ப் போத்தல் பால் குடித்துக்கொண்டு கிடக்கிற பிள்ளை, அவனிடம் போகிற நேரத்திலா இந்தப் புதன்கிழமை வந்து மடியில் உட்கார வேண்டும்?

பால் சுரக்கிற தூள் அது. வெந்தயம், பெருஞ்சீரகம், காய்ந்த உள்ளி, சாத்தாவாரி, இன்னும் உம்மாவுக்கு மட்டும் தெரிந்த இரண்டொரு சரக்கு, வறுத்து இடித்து அரித்தது. உம்மா அதைப் பெரிய ஜாம் போத்தலில் நிரப்பி, கரண்டியையும் றப்பர் போட்டுக் கட்டி, "ஒரு நாளும் விடாத மகள், விட்டா பால் வத்திரும்" என்று கையில் தந்தாள். பத்துப் பெண்கள் ஒன்றாய்த் தங்குகிற விடுதியில் அந்தப் போத்தலைத் திறந்தால் வெந்தய வாடை மாடிப்படி வரைக்கும் போகுமே, பைக்குள் கொட்டுண்டால் உடுப்பெல்லாம் நாறுமே என்று முஸ்பிறா முகத்தைச் சுளிக்க, றிபாத்தான் சிரித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான், புருசன்மாருக்கும் சில நேரம் மூளை வேலை செய்யும். சோறு கட்டுகிற லஞ்ச்சீற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டி வைத்து மடித்தான். அதோடு விட்டானா, எழும்பிப் போய்ச் சுவரில் தொங்கிய நாட்கலண்டரில் ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று வெள்ளி வரைக்கும் ஆறு தாளைக் கிழித்து வந்து, அந்தந்த நாள் தூளை அந்தந்த நாள் தாளிலேயே சுற்றினான், தன் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள் ஆறும் அச்சொட்டாய் இருந்தன. உம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "வராத நாளக் கிழிக்காதீங்க மருமகன், நல்லமில்ல." "சனிக்கிழம முன்னுக்கு நிக்கட்டும் மாமி, தன்ட உம்மா வாற நாளப் பாத்துப் பாத்து இவன் இருப்பான்" என்றான், முஸ்பிறாவின் மடியில் கிடந்து விரலைச் சப்பிக்கொண்டிருந்தவனைக் காட்டி. அப்படியென்றால் வீட்டில் ஒரு வாரமாய்ச் சனிக்கிழமை. அவளுக்குத்தான் ஒவ்வொரு நாளாய்க் கழிக்க வேண்டியிருந்தது.

கழித்தாள். பொழுதுபட்டு மஃரிப் தொழுதுவிட்டு, சுடுதண்ணீர்ப் போத்தலோடு கட்டில் மூலையில் திரும்பி உட்கார்ந்து, அன்றைய தாளைப் பிரித்துத் தூளைக் கரைத்துக் குடிப்பாள், வெறுந்தாளை நீவிவிட்டுத் தேதியைப் பார்ப்பாள், இன்னும் எத்தனை என்று விரல் விடுவாள். பிறகு குளியலறை. கல்லாய்க் கட்டிய மார்பைப் பிழிந்து தொட்டிக்குள் விட்டு, குழாயைத் திறந்து, பிள்ளையின் பால் தண்ணீரோடு சுழன்று போவதைப் பார்த்து நின்று அழுவாள், சத்தம் வெளியே கேட்காமலிருக்க வாளிக்குள்ளும் தண்ணீரைத் திறந்து விடுவாள். ஞாயிறு அழுதாள். திங்கள், செவ்வாய் அழுதாள். போன மாதம் வந்த பல், அவன் கடித்த இடம், அந்த நோவுகூட வேண்டுமென்று இருந்தது. ஆனால் வியாழன் வந்தது பாதிப் பால். நேற்று அதிலும் பாதி. இன்று காலையில் பஸ் ஏறியதிலிருந்து நெஞ்சு கனக்கவே இல்லை, மலைப்பாதைப் பதினெட்டு வளைவில் பஸ் ஆட்டிய ஆட்டத்துக்கும் ஒரு துளி கசியவில்லை... அலைச்சல், நித்திரை இல்லை, கண்டிக் குளிர் என்று நினைத்து மனதைத் தேற்றியிருந்தாளே. குளிரா? உம்மா சொன்னது இதுதானா? ஒரு நாள், ஒரே ஒரு நாள்...

புதன்கிழமை என்ன செய்தாள்? மறந்தது மாதிரி எதற்கு நடிக்க வேண்டும், நிமிசம் நிமிசமாக ஞாபகம் இருக்கிறது. வகுப்பு விட்டதும் நிறோசாதான் கையைப் பிடித்து இழுத்தாள், "அறைக்குள்ள இருந்து சுவரயா பாக்கப் போறீங்க? வாங்க மிஸ்." கல்முனையில் ஒரே கந்தோரில் நாலு வருடம் வேலை செய்தும், இருவரும் சேர்ந்து கோப்பைத் தவிர ஒன்றையும் பார்த்ததில்லை. வாவிக் கரையில் மிளகாய்த்தூள் போட்ட அன்னாசி வாங்கித் தின்றார்கள். மழை பிடித்தது, இரண்டு பேருக்கும் ஒரு குடை. நிறோசாவின் செருப்பு வார் அறுந்தது, அவளை மட்டும் வெறுங்காலோடு நடக்க விடக்கூடாதென்று இவளும் கழற்றிக் கையில் எடுத்தாள், அபாயா விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கந்தோரில் பத்துப் பேருக்குக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகத்தர் இரண்டு பேர் கண்டி நகரத்தில் வெறுங்காலோடு, சிரித்துச் சிரித்து நடக்க முடியாமல் ஒரு கடை வாசலில் குந்திவிட்டார்கள். அறைக்கு வரும்போது மஃரிப் நேரம் போயிருந்தது. தவறியதைக் களாவாகத் தொழுதாள், இரவுத் தொழுகை இஷாவையும் சேர்த்துத் தொழுதாள், தூள் அங்கேதான் தவறியது. குளியலறையில் அன்றும் பிழிந்தாள், கதவுக்கு வெளியே நின்று நிறோசா தன் பெரியப்பாவின் கலியாணக் கதையைச் சொல்ல, உள்ளே இருந்து சிரித்தாள். பால் போனதைப் பார்த்தாளா? பார்க்கவில்லை. றிபாத் இரண்டு தரம் போன் எடுத்திருந்தது விடிந்த பிறகுதான் தெரிந்தது, "சார்ஜ் இல்லாம போயிட்டு மச்சான்" என்றாள். ஏன் அந்தப் பொய்? மழையில் நனைந்தேன் என்று சொன்னால் அவன் என்ன தலையையா எடுப்பான்? வகுப்பு விட்ட நேரமிருந்து நித்திரை வரைக்கும், நாலைந்து மணித்தியாலம், ஹாதிக் என்ற பெயர்கூட அவளுக்கு ஞாபகம் வரவில்லை. யா அல்லாஹ், என்ன தாய் நான்...

அம்பாறை போயிற்று. மல்வத்தைப் பக்கம் வயல் இரண்டு பக்கமும் பச்சையாய்க் கிடந்தது. இப்போதே பிரித்து வாயில் கொட்டிவிடலாமா, நாள் தவறினாலும் போகட்டும், குடித்தேன் என்றாவது சொல்லலாமே? கையைப் பைக்குள் விட்டாள், கூட்டின் மூடியை நெருடினாள், எடுக்கவில்லை. யன்னலால் எறியலாமா? அதற்கும் கை வரவில்லை. நிறோசா கண் மூடியிருந்தாள், புதுச் செருப்பு காலில், திங்கட்கிழமை கந்தோரில் இவளும் நானும் திரும்பவும் மிஸ், மிஸ்தான், அந்த மழையைப் பற்றிக் கதைப்போமா? சம்மாந்துறை, காரைதீவுச் சந்தி, உப்புக் காற்று முகத்தில் அடித்தது, இறங்க வேண்டும்.

றிபாத் தரிப்பிடத்தில் நின்றான், தோளில் ஹாதிக். முஸ்பிறா கையை நீட்டினாள். பிள்ளை பார்த்தது, யாரோ ஒரு விருந்தாளியைப் பார்க்கிற பார்வை, பிறகு முகத்தைத் தகப்பனின் கழுத்துக்குள் புதைத்துக்கொண்டது. "கொஞ்சம் நில்லு புள்ள, இப்ப வருவான்" என்றான் றிபாத், பையை வாங்கிக்கொண்டே, "தூள் எல்லாம் முடிஞ்சிதா?" "ஓம்," என்றாள், "முடிஞ்சி." அந்த நேரம் பார்த்து ஹாதிக் வீறிட்டு அழுதான், அழுதபடி அவள் பக்கம் சாய்ந்தான், இரண்டு மார்பும் சுரீரென்று இழுத்தன, கறுத்த அபாயாவுக்குள் சூடு பரவி வயிறு வரைக்கும் இறங்கியது. வற்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ், வற்றவில்லை... பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். இனி என்ன, புதன்கிழமை மறந்துபோயிட்டன் மச்சான் என்று இப்போதே சொல்லிவிடலாம், அவனும் சிரிப்பான், உம்மா இரண்டு பேச்சுப் பேசுவாள், அதோடு சரி. வாயைத் திறந்தாள். "அந்தப் பைய இஞ்ச தாங்க," என்றாள், "நானே வெச்சிக்கிறன்."