விழுந்துகொண்டே இருக்கும் அழகையா

1957ஆம் ஆண்டு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அப்புத்தளை மலை விளிம்பிலிருந்து விழுந்த தபால்காரன் அழகையா தரைக்கு வந்து சேரவில்லை. இன்னும் விழுந்துகொண்டுதான் இருக்கிறான். ரஷ்யக்காரன் தன் உருண்டையை வானத்தில் விட்டது அதற்கு ஏழெட்டு மாதம் கழித்துத்தான். பத்திரிகைகளெல்லாம் அந்த உருண்டையைப் பற்றியே எழுதின, நம் ஆளைப் பற்றி ஒரு வரி போடவில்லை. போகட்டும்.

விழுந்த காரணம் சின்னது. அப்புத்தளையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குத் தபால் பை சுமப்பது அவன் வேலை. அன்றைக்கு லத்தீப் கடையில் அரை டஜன் சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கினான். வைகாசியில் அவனுக்கும் பாக்கியலெட்சுமிக்கும் கலியாணம். பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்து முடிவதற்குள் அவள் கையில் போட்டுவிட வேண்டும் என்று குறுக்குப் பாதையில் ஓடினான். அது மனுஷன் ஓடுகிற ஓட்டமே இல்லை என்று கண்டவர்கள் சொன்னார்கள். மலை முடிந்தது, அவன் ஓட்டம் முடியவில்லை. அவன் விழ விழ, பூமியும் அவனுக்குக் கீழே வளைந்து விலகிக்கொண்டே போயிற்று. ஒன்றரை மணி நேரத்தில் உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கமாக வந்து, காலையில் எல்லோரும் கூடிப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு மேலே போனான். பூமி தன்பாட்டுக்குத் திரும்பினாலும் அவன் பாதை தோட்டத்தை விட்டு விலகவில்லை. வீடு எங்கே என்று மனுஷனுக்குத் தெரியாதா என்ன. வழியில் எத்தனையோ நாடுகள் வந்தன. நீ எந்த நாட்டுக்காரன், பத்திரம் எங்கே என்று ஒருவரும் அவனைக் கேட்கவில்லை. பிரஜாவுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தவனுக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

ஒரு நாளைக்குப் பதினாறு சுற்று. காலை ஆறு மணிக்குப் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்புப் பறை அடிக்கும்போது ஒரு தடவை, ஏழரைக்கு ஒரு தடவை, ஒன்பதுக்கு ஒரு தடவை. கடந்து போகிற நேரத்தில் இரண்டு சொல்லுக்கு மேல் பேச முடியாது. "சாப்பிட்டியா புள்ள" என்று கேட்டுவிட்டுப் போனால், பதிலை அடுத்த சுற்றில்தான் வாங்கிக்கொள்வான். இந்தப் பேச்சிலும் பாக்கியலெட்சுமிக்கு முகம் சிவந்தது என்பதை எழுதாமல் விட்டால் பாவம்.

அவள் தகப்பன் கந்தப்பன் கங்காணிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "பெரட்டுல நிக்காதவனுக்குப் பேர் கெடையாது. பேர் இல்லாதவனுக்குப் பொண்ணும் கெடையாது. வைகாசி முகூர்த்தத்துக்குள்ள தரையில வந்து நிக்கச் சொல்லு. இல்லேன்னா லுணுகலை வீரய்யாதான் மாப்பிள்ளை" என்றார். வீரய்யாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நிற்கச் சொன்னால் பொழுதுக்கும் நிற்பான். அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அழகையாவை இறக்கத் தோட்டமே முனைந்தது. ஆறு பெண்கள் கம்பளியை விரித்துப் பிடித்தார்கள். அவன் கம்பளியையும் அள்ளிக்கொண்டு போய்விட்டு, அடுத்த சுற்றில் "குளிருக்கு நல்லாருக்கு" என்றான். தபால் பைதான் அவனை இழுத்துக்கொண்டு போகிறது, சர்க்கார் பை அல்லவா, என்று சிலர் சொன்னார்கள். பையைக் கைவிடச் சொன்னார்கள். விட்டான். பை கீழே விழாமல் அவன் விலாவுக்குப் பக்கத்திலேயே, கட்டிப்போட்ட கன்றுக்குட்டி மாதிரி, கூடவே வந்தது.

தோட்டத்து மருந்துக்கார ஐயா ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் ஒரு கோவாவை, அதாவது முட்டைக்கோஸை, எடுத்து மேசையில் வைத்து, அதன் மேல் ஒரு மாத்திரைக் குளிசையை ஓட்டிக் காட்டினார். "அவன் பறக்கேல்லைப் பிள்ளை, விழுந்துகொண்டுதான் இருக்கிறான். முன்னாலை போற வேகம் கூடிப்போச்சுது. அவன் எவ்வளவு விழுகிறானோ, நிலமும் அவ்வளவு விலத்திக் குடுக்குது."

"அப்ப பை ஏங்கய்யா விழல?" என்று கேட்டாள் பாக்கியலெட்சுமி.

"அதுவும் விழுகுதுதான். அவன்ரை வேகத்திலையே போகுது, அதாலை பக்கத்திலை நிக்குது. ஆளை இறக்க வேணுமெண்டால் வேகத்தைக் குறைக்க வேணும். அங்கை கால் ஊண்ட என்ன கிடக்கு?" ஐயாவுக்கு அதற்கு மேல் வழி தெரியவில்லை. கோவாவைச் சமையலுக்குக் கொடுத்துவிட்டார்.

பாக்கியலெட்சுமி மறுநாள் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே யோசித்தாள். ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைத் தேயிலை, அதற்கு நிரை என்று பேர். பக்கத்து நிரைக்காரி அதே வேகத்தில் வந்தால் நாள் முழுக்கக் கதை பேசலாம். ஒருத்தி பிந்தினால் கதை அறுந்துபோகும். பேசுவதற்காக எவளும் நிற்பதில்லை, நின்றால் கங்காணி ஏசுவார். அவளுக்குச் சட்டென்று சிரிப்பு வந்தது. எல்லோரும் அவனை நிறுத்தப் பார்க்கிறார்களே தவிர, அவன் நிரைக்குப் பக்கத்து நிரையைப் பிடிக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று ஒரு சுற்றில் "எறங்காதீங்க மச்சான்" என்றாள். அடுத்த சுற்றில் "நான் வர்றேன்" என்றாள். "ஓடுவியா?" என்று அவன் கேட்டதற்கு ஒன்றரை மணி நேரம் கழித்து "பாருங்க" என்றாள்.

முகூர்த்த நாள் வந்தது. வீரய்யா புது வேட்டியில், சொன்ன இடத்தில் நின்றான். ஏழரை ஆகக் கொஞ்சம் இருந்தபோது பாக்கியலெட்சுமி தாம்பாளத்திலிருந்த தாலியை எடுத்து, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, குறுக்குப் பாதையில் ஓடத் தொடங்கினாள். கந்தப்பன் பின்னாலேயே ஓடினார்.

"நில்லு புள்ள, விழுந்துருவ!"

"நின்னாத்தாம்பா விழுவேன்."

அவள் ஓட்டத்தில் தேயிலைச் செடிகள் இரண்டு பக்கமும் படுத்து எழுந்தன. அழகையா வந்த அதே நொடியில் விளிம்பில் கால் வைத்து எம்பினாள். பிறகு விளிம்பில் யாரும் இல்லை.

கந்தப்பன் அங்கேயே உட்கார்ந்தார். கீழே பெரகலச் சந்திப் பக்கம் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் அவர் மனுஷன் பாதியாகிப் போனார். ஒன்பது மணிக்கு நால்வராக வந்தார்கள்: அழகையா, பாக்கியலெட்சுமி, தபால் பை, கம்பளி. ஒருவர் பக்கத்தில் ஒருவர், அசையாமல். அவள் கழுத்தில் தாலி, கையில் சிவப்பு வளையல். "விழுற மாதிரியே" என்று சொல்லிக்கொண்டு போனாள். மிச்சத்துக்காக அவர் இன்னொரு ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார். "தெரியலப்பா" என்றாள்.

மறுநாள் பெரட்டில் கந்தப்பன் இரண்டு பேரையும் கூப்பிட்டார். மேலேயிருந்து "இருக்கோம்" என்று பதில் வந்தது. நிற்காதவர்களுக்கு எப்படிப் பேர் போடுவது என்று கணக்கப்பிள்ளை கேட்டார். "ஒருத்தர் பக்கத்துல ஒருத்தர் நிக்கிறாங்கள்ல, எழுதுங்க" என்றார் கந்தப்பன். வீரய்யா அடுத்த வருஷம், நிற்கப் பிடித்த ஒருத்தியைக் கட்டிக்கொண்டு சுகமாக இருந்தான்.

1960 ஐப்பசியில் ஒரு காலை, தப்புச் சத்தத்துக்கு மேலே மூன்றாவது குரல் ஒன்று அழுதுகொண்டு போனது. தோட்டத்துப் பிறப்புகளைப் பதியக் குறிப்பு எழுதுவது ஜெயரட்ணம் ஐயாவின் வேலை. பெண் குழந்தை என்று அடுத்த சுற்றில் தெரிந்ததும் எழுதினார். பிறந்த இடம் என்ற கட்டத்தில் பேனா கொஞ்சம் நின்றது. பிறகு 'இந்தத் தோட்டம், பெரட்டுக் களத்துக்கு மேலே' என்று தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கந்தப்பன் அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டு, பிள்ளை பெற்றவளுக்குக் காய மருந்து உருண்டை பிடித்து, நீளக் கம்பு நுனியில் கட்டிக்கொண்டு, ஏழரை மணிச் சுற்றுக்கு மலையேறினார்.